பத்து மில்லிக்குள் சனி

எங்கள் தருவைக்கரையில் சனி எட்டு மாதம் எடைமேடை அலுவலகத்து மேசை இழுப்பறைக்குள் இருந்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் அது எப்படி என்று கேட்கிறார்கள். உள்ளூரில் ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை. இழுப்பறைக்குப் பூட்டு இருக்கிறதா, சனிக்கிழமை திறந்து காட்டுவார்களா, குளித்துவிட்டுத்தான் வர வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். உப்பளத்து ஊரில் ஒருவர் எதையாவது பார்த்து வாய் பிளக்க வேண்டுமென்றால் அதற்கு முன் அவர் ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும். விடியற்கருக்கலிலேயே பாத்திக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் குவித்து, வெள்ளைப் பரப்பின் கூச்சத்தில் கண்ணில் நீர் வடிய வீடு திரும்பி, கிடைத்ததைத் தின்று சாய்கிறவர்களிடம் வாய் பிளக்கிற அளவுக்குத் தெம்பு மிச்சமிருப்பதில்லை.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சேர்மக்கனி. எங்கள் ஊரில் வானம் பார்க்கிற மன்றம் ஒன்று உண்டு, அதில் எட்டுப் பேர், நானும் ஒருவன். கூடுவது கண்ணாடிக்கடை ஞானதிரவியம் அண்ணாச்சியின் மொட்டைமாடியில். செயலாளர் பிரம்மசக்தி, உப்பு லாரிகளை எடைபோடும் எடைமேடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர், எங்களுக்குச் சக்தியக்கா. காலி வண்டியை ஒரு தடவை, பாரம் ஏற்றிய வண்டியை ஒரு தடவை என்று எதையும் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தே பழகிய மனுஷி, கடையில் சீப்பு வாங்கினாலும் இரண்டு சீப்பை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பார்.

மன்றத்துக்கு ஒரே ஒரு டெலஸ்கோப் வாங்குவது என்று முடிவானபோது, இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். மதுரையிலிருந்த வியாபாரியும் நல்ல மனிதர், ஒரு மாதம் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள் என்று இரண்டை அனுப்பிவைத்தார். இரண்டுமே முன்பக்கம் லென்ஸ் வைத்த குழல் ரகம்தான். ஒன்று நீளம், ஆள் நெஞ்சுயரத்துக்கு வரும், முன் லென்ஸ் நூற்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். எதைப் பார்த்தாலும் பெரிதாகக் காட்டும், ஆனால் சாதாரணக் கண்ணாடி என்பதால் விளிம்பில் ஓர் ஊதா நிறக் கசிவு இருக்கும், கடல்காற்று அடித்தால் குழல் நடுங்கும். மற்றது குட்டை, எண்பது மில்லி, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். உசத்திக் கண்ணாடி, காட்டுவது சின்னதாக இருந்தாலும் ஊதா கீதா எதுவும் இல்லாமல் வெட்டினாற்போல இருக்கும். கூடவே கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னச் சின்ன லென்ஸ் குமிழ்கள், ஐபீஸ் என்பார்கள், இருபத்தைந்து மில்லி, பத்து மில்லி, ஆறு மில்லி என்று மூன்று. நம்பர் குறையக் குறைய உருவம் பெரிதாகும் என்பதை எங்கள் ஊர் உப்பு வியாபாரிகள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மில்லியில் பார்த்தால் உருவம் பெரிது, ஆனால் கண்ணிமை லென்ஸில் இடிக்கும், மூக்குக்கண்ணாடிக்காரர்கள் பாடு திண்டாட்டம். இந்த ஊரில் நாற்பது தாண்டியவர்களில் மூக்குக்கண்ணாடி இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே பத்து மில்லிதான் எல்லாருக்கும் தோது என்று ஆனது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நல்லகுணம் ஊருக்கு முதல் நாளே பிடித்துப்போனது. குழலின் வால்பக்கத்தில் ஒரு கண்ணாடி மடக்கு இருக்கும், அதனால் பார்க்கிறவர் வானத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் குனிந்து பார்க்கலாம். கோயிலிலும் சனிக்கு நேர் எதிரே யாரும் நிற்பதில்லை, ஓரமாக நின்றுதான் கும்பிடுவார்கள். செய்தவனுக்கு நம் வழக்கம் தெரிந்திருக்கிறது என்று ஜோசியர் வள்ளிநாயகமே பாராட்டினார்.

மன்றத்தில் நாலு பேர் நீளம், மூன்று பேர் குட்டை. அக்கா இன்னும் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு நீளம்தான் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும், பெரிதாகக் காட்டுகிற எதன்மேலும் அவருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. அதற்குக் காரணம் அவர் வீட்டுக்காரர் லிங்கதுரை. ஆறு வருடம் முன்பு உப்பு ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு மலையாளக் கரைக்குப் போனவர். லாரி வேறொரு டிரைவரோடு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. தேடாத இடமில்லை, எழுதிப்போடாத ஸ்டேஷன் இல்லை. அப்போது வள்ளிநாயகம் ஜோசியர் கட்டம் போட்டுப் பார்த்து, ஏழரைச் சனி நடக்கிறது, சனி இந்த ராசியைத் தாண்டுகிற அன்றைக்கு உன் புருஷன் ஊருக்குள் கால் வைப்பான் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை என்று அக்கா எங்களிடம் சொல்லுவார். நம்பாதவர்தான் ஆறு வருடமாகச் சாயந்திரம் ஏழு மணிக் கேரள பஸ் வரும்வரை ஸ்டாண்டில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார், அதை என் கடையிலிருந்து தினமும் நான் பார்த்தேன். சனி தாண்ட இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அந்தப் புரட்டாசி மாதத்து முன்னிரவில்தான் அது நடந்தது. நீளக்குழலில் பத்து மில்லியை மாட்டி, தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல மஞ்சளாக வளையத்தோடு சனி நடுவில் நிற்க, எல்லாரும் பார்த்து முடித்து, அக்கா கடைசியாகக் கண்ணை வைத்திருந்த நேரத்தில், கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. ஈரக்காற்று வந்தால் உப்புக்காரர்கள் யோசிப்பதே இல்லை, கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு முதலில் குவித்த உப்பு அம்பாரத்தை மூடுவார்கள், அது கைக்கே தெரியும். அக்காவும் எட்டி முன் லென்ஸின் மூடியைச் சட்டென்று போட்டுவிட்டு, அதன்பிறகு ஐபீஸைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார். முதலில் ஐபீஸைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் மூடி. முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டால் உள்ளே இருக்கிறவர் எந்தப் பக்கம்தான் வருவார் என்று ஞானதிரவியம் அண்ணாச்சி மறுநாள் கேட்டார்.

மறுநாள் வானத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. குட்டைக் குழலில் அதே பத்து மில்லியை மாட்டி நிலாவுக்குத் திருப்பினோம், நிலா வரவில்லை, சனி வந்தது. குழலிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துச் சுவரைப் பார்த்தோம், சனி. பட்டப்பகலில் டீக்கடையில் வைத்துப் பார்த்தோம், சனிதான், நீளக்குழலின் ஊதா விளிம்பு உட்பட. என் கடைக்குக் கொண்டுவந்து ஜெராக்ஸ் மெஷின்மேல் கவிழ்த்தும் பார்த்தேன், அதில் மட்டும் ஒரு கறுப்பு வட்டம்தான் விழுந்தது. அக்கா அதை லாரி நிற்கிற எடைமேடையில் வைத்துப் பார்த்தார். பத்துக் கிலோவுக்குக் குறைந்தது எதுவும் அந்த மேடைக்குத் தெரியாது, முள் அசையவில்லை.

யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் அவரவர் செருப்பைத் தேடினார்கள். அதனால் அக்காவின் அலுவலக இழுப்பறைக்குப் போனது. அன்றிலிருந்து அந்தத் தகரக் கூரைமேல் காக்கைகள் வந்து உட்கார்ந்தன, விடிந்தால் வரும், பொழுது சாய்ந்தால் போகும், சத்தம் போடாது. லாரிக்காரர்கள் ஆரனைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஊர் அதற்கு எவ்வளவு சுலபமாகப் பழகிக்கொண்டது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொட்டாவிதான் வருகிறது. சனிக்கிழமை எள் விளக்கு நின்றது, செக்குக்காரர் கடலைக்கு மாறினார். கோயிலில் சனிக்குக் கட்டுகிற கறுப்புத் துணியைக் குருக்கள் மடித்துப் பீரோவில் வைத்தார். சனி பார்வை என்று தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்களை எல்லாம் ஒரே மாதத்தில் வைத்து என் கடையில் பத்திரிகை அடித்துத் தள்ளினார்கள். மதுரை வியாபாரிக்குப் போன் செய்து, குழலைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டோம். அவருக்கு அஷ்டமச் சனி நடந்துகொண்டிருந்ததாம், அவசரமே இல்லை, நீங்கள் நிதானமாக ஒத்துப் பாருங்கள் என்றார்.

பிறகு ஐப்பசி வந்தது. ஐப்பசியில் வருகிற மழை வந்தது, கரைகிற உப்பு கரைந்தது. லாரி டயர் வெடித்தது, இரண்டு பேருக்குக் கண்ணில் சதை வளர்ந்தது, புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள் புதிதாகச் சண்டை போட்டார்கள். முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. தை பிறந்து பாத்தியில் மறுபடி தண்ணீர் கட்ட ஆரம்பித்தபோதுதான், பாத்திக்காரி பேச்சித்தாய், ஊரிலேயே அதிகம் பேசாத மனுஷி, ஒருநாள் விடியலில் வேலைக்குப் போகிற வழியில் எடைமேடை வாசலில் நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"அவரு மேல இருந்தப்ப ஏழரை வருசம்னு ஒண்ணு இருந்திச்சு. என்னைக்காவது முடியும்னு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தோம். இப்பவும் அதே மழ, அதே கண்ணெரிச்சல், அதே குடிகாரப் பய. இது எப்ப முடியும்னு யாருகிட்ட போயிக் கேக்க? அவர மேலயே விட்ருங்க தாயி."

சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வார்த்தை ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பரவியது. கஷ்டம் போகும் என்று நினைத்து ஏமாந்ததுகூடப் பெரிதில்லை, கஷ்டத்துக்கு இருந்த கெடுவும் போய்விட்டதே என்றுதான் ஜனங்கள் சோர்ந்துபோனார்கள். சனியைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். எப்படி விடுவது என்பதில் சந்தேகமும் இல்லை, வந்த குழலில் அதே ஐபீஸை மாட்டி, முன் மூடியைத் திறந்தால் போதும். விட்டபிறகு எங்கே போய் நிற்கும் என்பதில்தான் இரண்டு கட்சி. பிடிபட்ட இடத்திலிருந்துதான் மறுபடி நடக்கும், ஆகவே எல்லாருக்கும் பாக்கி இருந்தது அப்படியே பாக்கி என்று ஜோசியர் சொன்னார், பஞ்சாங்கத்தில் வைகாசி மாதத்துப் பெயர்ச்சி நாளைப் பென்சிலால் அடித்தும் வைத்தார். நாள் ஓடியிருக்கிறதே, ஓடின தூரத்துக்குப் போய்த்தான் நிற்கும் என்றார் ஞானதிரவியம் அண்ணாச்சி.

அக்கா மட்டும் விடவில்லை. எந்தக் குழல் நல்லது என்று இன்னும் முடிவாகவில்லை, ஒத்துப் பார்த்து முடியட்டும் என்றார். சனி இழுப்பறைக்கு வந்த நாளிலிருந்தே வாரத்துக்கு ஒரு தாள், கட்டம் போட்டு, நீளக்குழலில் நிலா எப்படி, குட்டைக்குழலில் எப்படி, இருபத்தைந்தில் எப்படி, ஆறில் எப்படி, காற்றில் ஆட்டம் எவ்வளவு, ஊதா எவ்வளவு என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் இழுப்பறையைத் திறந்து பத்து மில்லியில் தெரிகிற சனியையும் பென்சிலால் வரைந்து, எட்டு உறுப்பினர்களுக்கும் எட்டு நகல் எடுக்கச் சொல்லி என் கடைக்குக் கொண்டுவருவார். மாசியும் பங்குனியும் சித்திரையும் இப்படியே போயின. தினம் விடியலில் பேச்சித்தாய் வாசலைத் தாண்டும்போது, ஆச்சா என்று மட்டும் கேட்பாள். இன்னும் இல்லை என்பார் அக்கா. இருவர் குரலிலும் கோபமே இருக்காது, ஆளுக்கொரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே போகிறவர்கள் பேசுகிற மாதிரி இருக்கும்.

வைகாசியில் ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், நானே கேட்டுவிட்டேன்.

"என்னத்தக்கா இன்னும் ஒத்துப் பாக்கிய? எட்டு மாசத்துல குருடன்கூட ஒண்ணத் தேர்ந்தெடுத்திருப்பான்."

அவர் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வெளிய விட்டா அவரு நவுருவாரு. நவுந்தா அந்த நாள் வந்துரும். நாள் வந்து ஆள் வரலேன்னா அதுக்கப்புறம் நான் என்னத்தச் செய்ய, கனி? இதுக்குள்ள இருக்கது வரைக்கும் எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்குல்லா."

எனக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பழைய நகல்களை எல்லாம் ஃபைலிலிருந்து எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். முப்பத்திச்சொச்சம் தாள். அப்போதுதான் பார்த்தேன். முதல் தாளில் சனியின் வளையம் வாய் அகன்ற தட்டுப் போல இருந்தது. தாளுக்குத் தாள் அது ஒரு மயிரிழை ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசித் தாளில் தட்டை ஓரத்திலிருந்து பார்ப்பது போல மெலிந்திருந்தது. நின்றுபோன பொருள் அப்படிச் சாயாது. உள்ளே இருந்தபடியே அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்து அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவர் வாழ்நாள் முழுக்க மற்ற எல்லாவற்றுக்கும் செய்ததைத்தான்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். தெரியும் என்றார். மாசியிலேயே தெரியும், கை நடுக்கத்தில் தப்பாக வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டேன் என்றார். பிறகு, நாளைக்குக் காலையில் விட்டுவிடலாம், ஜோசியரையும் வரச் சொல்லு என்று சொல்லிவிட்டு, அந்த வாரத் தாளை நகலெடுக்காமலே மடித்துக்கொண்டு போனார்.

விடியலில் அண்ணாச்சியின் மாடியில் எட்டுப் பேரும் ஜோசியரும் நின்றோம். கீழே தெருவில் பாத்திக்குப் போகிறவர்கள் பலகையும் சட்டியுமாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள், பேச்சித்தாயும் இருந்தாள். அக்கா நீளக்குழலில் பத்து மில்லியை மாட்டினார், கடைசியாக ஒருமுறை குனிந்து பக்கவாட்டில் பார்த்தார், கையை நீட்டி முன் மூடியை எடுத்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் கண் எடுக்காமலே, போய்ட்டாரு என்றார். அந்த நேரத்தில் வராத காக்கைகள் எங்கிருந்தோ ஒரு கூட்டம் எழும்பி, தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கலைந்தன. கீழே நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டதென்று நடந்தார்கள்.

எங்கே நிற்கிறது என்று பார்க்க அக்கா குட்டைக்குழலைத்தான் கேட்டார். அந்த நீளம் காற்றில் ஆடுகிறது, எனக்கு ஆடாதது வேணும் என்றார். தென்கிழக்கில், ராசியின் எல்லை என்று ஜோசியர் முன்பே அடையாளம் காட்டியிருந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அண்ணாச்சி குழலைத் திருப்பினார். அங்கே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனார், எல்லையைத் தாண்டி ஒரு விரற்கடை தூரத்தில் அது நின்றது, சின்னதாக, விளிம்பில் ஊதா இல்லாமல், மெலிந்த வளையத்தோடு. ஜோசியரும் குனிந்து பார்த்தார். பஞ்சாங்கத்தைப் பிரித்து, பெயர்ச்சித் தேதிமேல் தான் பென்சிலால் அடித்திருந்த கோட்டை எச்சில் தொட்டு அழித்தார்.

"தாண்டிட்டாரும்மா. பதினோரு நாளாச்சு. போன செவ்வாக்கு முந்தின செவ்வா."

எனக்கு அந்த ஜோசியர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் அவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். அக்கா குழலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். விரலை மடக்கி எதையோ நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.

"அந்தச் செவ்வாக்கிழம பதினாலு வண்டி வந்திச்சு. மத்தியானம் கரண்டு இல்ல. சாயந்திரம் சாளை வாங்கணும்னு சந்தை வழியா வீட்டுக்குப் போய்ட்டேன், பஸ் ஸ்டாண்டு பக்கமே வரல. அன்னைக்கு அவர நெனச்சேனான்னே எனக்கு ஞாபகம் இல்ல, கனி."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதார், அதுவும் கொஞ்ச நேரம். ஆறு வருடமாகப் பயந்த நாள், வந்து, ஒரு சட்டி மீன்குழம்போடு போயே போய்விட்டிருந்தது, அவரும் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறார். கிழக்கு வெளுத்துச் சனி மங்கத் தொடங்கியது. கீழே முதல் லாரி எடைமேடைப் பக்கம் ஆரன் அடித்தது, எட்டு மாதம் கழித்து முழுச் சத்தத்தோடு. அக்கா எழுந்து முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, குட்டையையே வைத்துக்கொள்ளலாம், சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளது தெரிகிறது என்றார், நீளத்துக்கு ஓட்டுப் போட்ட நாலு பேரும் எதிர்த்துப் பேசவில்லை. வேலைக்கு ஓடுவதற்குமுன் மதுரைக்குப் போக வேண்டிய குழலைப் பெட்டியில் வைக்க அவரே குனிந்தார். ஈரக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஐபீஸைக் கழற்றினார், அதன்பிறகுதான் மூடியைப் போட்டார்.